துரு பார்க்கிற பாய்

என் காரின் தரையில் ஓட்டை விழுந்திருப்பதை எனக்குக் காட்டியவர் மெக்கானிக் இல்லை. சீட் கவர் தைக்கிறவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் அவர் கடை இருந்தது. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். பெயர் தெரியும். எழுத மனம் வரவில்லை.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற சாலையில். பல வருடம் பஸ்ஸில் நின்றபடியே போய்வந்து முதுகு கெட்டுப்போனதால், முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகி, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. சீட்டுகள் மட்டும் கிழிந்திருந்தன. கார்த்திகை மாதம், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, அதைக் கொண்டுபோய் அவர் கடை வாசலில் நிறுத்தினேன்.

அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. முன்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, இரண்டு தடவை மோந்து பார்த்தார். பிறகு கால் வைக்கும் இடத்தில் இருந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் போட்டார். அதற்குக் கீழே ஒட்டியிருந்த கம்பளத்தையும் உரித்தார். ஊறிப்போன பஞ்சு நாற்றம் தெருவரை வந்தது.

"டீச்சர், இங்க வாங்க. வெரல வைங்க."

வைத்தேன். சில்லென்று ஈரம்.

"அமுக்குங்க."

அமுக்கினேன். டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. விரல் நுனி மறுபக்கம் போய்விட்டது. வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு இரும்பு துருப்பிடிக்கும் பாடத்தை நடத்துகிறவள் நான். என் கால் தினமும் இருக்கப்போகிற இடம் அது.

"இந்த வண்டி முன்னாடி எங்க நின்னுச்சு?"

"தேவனாம்பட்டினத்துலதான். கடலப் பாத்த மாதிரி ஒரு வீடு."

"அதான். உப்புக் காத்து வெளிய இருந்து திங்குது. மழத்தண்ணி உள்ள எறங்கி நின்னு திங்குது. நடுவுல தகரம் என்னா பண்ணும்?"

எனக்கு அவசரம். திங்கட்கிழமை இந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகப்போகிறேன் என்று இரண்டு டீச்சர்களிடம் வேறு சொல்லி வைத்திருந்தேன். "கவர் மட்டும் போட்டுக் குடுங்க பாய். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துவிட்டேன். கோபம் என்று சொல்ல முடியாது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம்னா எப்ப?"

நான் கிழிந்த சீட்டைக் காட்டினேன்.

"போட மாட்டேன். அத வெட்டி எடுத்து, புதுத் தகரம் வெல்டிங் வச்சு, பெயின்ட் அடிச்சு, நல்லாக் காய வச்சுக் கொண்டாங்க. அப்பத்தான் ஊசிய எடுப்பேன்."

வெல்டிங் பட்டறைக்கு அவரே வழி காட்டினார். காட்டியதோடு விட்டாரா? தன் கடையைச் சாத்திவிட்டு என் காருக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார். பட்டறைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டும் உட்காரவில்லை. வெட்டுகிற இடத்தில் குனிவதும், நிமிர்வதும், தெருவுக்குப் போய்த் திரும்பி வருவதுமாக இருந்தார். "இன்னும் வெட்டு, இன்னும் வெட்டு. நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "பாய் கூட வந்தா எங்களுக்குப் பாதி நாள் போயிடும் டீச்சர்" என்று சிரித்தார்.

அவர் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தையல் மெஷினில்கூட ஸ்டூலின் நுனியில்தான் இருப்பார், எழுந்து ஓடப்போகிறவர் மாதிரி. டீயை நின்றபடியே குடிப்பார். குடிக்கும்போதே கண் சாலையில் போகிற வண்டிகளின் அடிவயிற்றில் இருக்கும். நின்றிருக்கும் கார் எதுவானாலும் கதவின் கீழ்ப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். டணங்கென்றால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தால் அங்கேயே குத்துக்காலிட்டுவிடுவார். வண்டிக்காரர் யார், தெரிந்தவரா, தெரியாதவரா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவருக்குக் குறிஞ்சிப்பாடியில் கல்யாணம் நடந்தது. அந்த வீட்டு வண்டிக்கும் அவர்தான் சீட் கவர் போட்டிருந்தார் என்பதால் அவரையும் அழைத்திருந்தார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், மண்டப வாசலில் ஒரே கூச்சல். பூ அலங்காரம் செய்து நிறுத்தியிருந்த மாப்பிள்ளை காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இஸ்திரி போட்ட வெள்ளைக் கைலி, புதுச் செருப்பு.

"யோவ் பாய், மாப்ள வண்டிய என்னாய்யா பண்ற?" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கத்தினார்.

"ஒண்ணும் பண்ணல. ஒரு ஊசி இருந்தாக் குடுங்க, கொண்டை ஊசி."

என் தலையிலிருந்துதான் உருவிக் கொடுத்தேன். கதவின் கீழே மழைத்தண்ணீர் வடிவதற்கென்று சின்னத் துளைகள் இருக்கும். அதில் மண் அடைத்திருந்தது. அவர் குத்தினார். பழுப்புத் தண்ணீர் ஒரு சொம்பளவு கொட்டி, வாசல் கோலத்தின் மேல் ஓடியது. பெண்ணின் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாய் இப்படிச் செய்யலாமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் முதுகில் ஒட்டிய மண்ணோடு நின்றுகொண்டு, "கதவு உள்ளயே அழுவிட்டு இருந்திருக்கும்மா. இப்ப சரியாயிடுச்சு" என்று அந்த அத்தைக்கே சமாதானம் சொன்னார். சாப்பிடாமலே போய்விட்டார்.

மார்கழி வந்தால் அவர் பாடு இன்னும் மோசம். நம் ஊர்க் குளிர் பெரிய குளிர் இல்லைதான். ஆனால் விடிகாலையில் வண்டி முழுக்க முத்து முத்தாய்ப் பனி உட்கார்ந்திருக்கும். கடல்காற்று ராத்திரி முழுக்கப் பூசிய உப்பு அந்தப் பனியில் கரையும். காலை ஐந்தரைக்கு என் போன் அடிக்கும். 'நல்லாயிருக்கீங்களா' கிடையாது, ஒன்றும் கிடையாது.

"டீச்சர், பனி ஜாஸ்தியா இருக்கு. பிளாஸ்டிக் கவர் போட்டிருக்கீங்களா?"

"ஆமா பாய்."

"எடுத்துடுங்க. உள்ள வேர்க்கும். மேல விழுற பனிய விட உள்ள நிக்கற ஈரம்தான் மோசம். துணி கவர் இருந்தாப் போடுங்க, இல்ல சும்மா விடுங்க. கழுவறதுக்குப் போர் தண்ணி வேணாம், அதுவே உப்பு. நல்ல தண்ணியில அடிப்பக்கம் சேத்து அடிங்க. ஹேண்ட் பிரேக் இழுத்து வச்சிட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா."

"ஈரத்துல புடிச்சுக்கும். கியர்ல போட்டுட்டு டயருக்கு ஒரு செங்கல் குடுங்க. பேட்டரி முனையில பச்சையாப் பூத்திருந்தா வெந்நீர் ஊத்திட்டு வாசலின் தடவுங்க. ஸ்டார்ட் பண்ண உடனே உறுமாதீங்க, ஒரு நிமிஷம் வுடுங்க." டொக்கென்று வைத்துவிடுவார்.

என் கணவர் போர்வைக்குள்ளிருந்து, "வண்டி உனக்கா, அவருக்கா?" என்பார். பாய் சொன்னபடியே எல்லாம் செய்தேன் என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் நான் செய்துகாட்டும் சோதனையை அவரிடம் சொன்னேன். மூன்று கண்ணாடிக் குழாய், மூன்று ஆணி. ஒன்று காய்ந்த காற்றில், ஒன்று நல்ல தண்ணீரில், ஒன்று உப்புத் தண்ணீரில். ஒரு வாரம் கழித்து எது எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் எழுத வேண்டும். அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டார். எழுந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

"ஆணிய மட்டும் காட்டாதீங்க டீச்சர். அது மேல ஆளு உக்காந்திருக்கும்னு சொல்லுங்க."

அப்போது அது எனக்குப் புரியவில்லை.

இதனால் அவர் தொழில் கெட்டது. கவர் போட வருகிறவனுக்கு வண்டி அழகாக வேண்டும். அழகு தேடி வந்தவனிடம் அவர் கம்பளத்தை உரித்துக் காட்டுவார். சிலர் திட்டிவிட்டு எதிர்த் தெருக் கடைக்குப் போனார்கள். வெல்டிங் பட்டறைக்காரரிடம் கமிஷன் வாங்குகிறார் என்றுகூடப் பேச்சு இருந்தது. அதெல்லாம் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

எனக்கும் அவர் மேல் வெறுப்பு வந்த ஒரு நாள் உண்டு. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. வினாத்தாள் கட்டு என் பொறுப்பில். ஒன்பது மணிக்குள் நான் சிதம்பரத்தில் இருந்தாக வேண்டும். கதவு ரப்பர் ஒன்று கழன்றிருந்ததால், ஏழரைக்கு அவர் கடையில் இரண்டு நிமிடம் நிறுத்தினேன். ரப்பரை ஒட்டியவர் வழக்கம்போலக் கீழே குனிந்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது. உள்ளே கையை விட்டு, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பிரேக் பைப்பு துரு. போகக் கூடாது."

"பாய், பரீட்சை பாய். சாயங்காலம் வந்து பாக்கச் சொல்றேன். சாவியக் குடுங்க."

"தர மாட்டேன்."

"என் வண்டி அது!"

"ஒங்க வண்டிதான். தர மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நடுத்தெருவில் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், பைத்தியம் என்றும் சொன்னேன். அவர் திரும்பவில்லை. கடைசியில் ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்துக் கேட்டார். மாலையில் பாயே சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தார். அவர் வண்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தார். "மேலாப்புல லேசாத் துரு டீச்சர். தொடச்சாப் போயிடுச்சு. பைப்பு கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் ஞாயிறு. சண்டை போடுவதற்கென்றே கடைக்குப் போனேன். அவர் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து பழைய துணிகளில் நூல் பிரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றார்.

"நேத்து நடந்தது தெரியும் டீச்சர். ஒங்களுக்குக் கோவம் வர்றது நாயம். ராத்திரி முழுக்க அவுங்களும் தூங்கல."

"பைப்புல ஒண்ணுமே இல்லம்மா."

"இருந்தாலும் எடுப்பாங்க, இல்லன்னாலும் எடுப்பாங்க. முன்னாடி இப்படிக் கெடயாது." அவர் ஷட்டர் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க நாத்தனாவச் சிதம்பரத்துல குடுத்திருக்கு. அவ ஊட்டுக்காரரு சொந்த வண்டி வச்சு டாக்சி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. நாலு வருஷம் முன்ன, பெருநாளைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இங்க வந்தாரு. 'மச்சான், சவாரி நெறைய இருக்கு, சாயங்காலத்துக்குள்ள புதுக் கவர் போட்டுக் குடு'ன்னாரு. இவுங்க டிரைவர் சீட்டத் தூக்கினா, போல்ட்டு எறங்கற எடத்துல தரை பூரா துரு. பாத்துட்டாங்க. சொன்னா வண்டி ஒரு வாரம் நின்னுடும், பெருநா சவாரி கெட்டுடும். பெருநா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அது மேலயே புது மேட்டு விரிச்சு, சீட்ட மாட்டி, அழகாக் கவரு போட்டு அனுப்பிட்டாங்க."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பெருநாளைக்கு மறாநாளு, ஆலப்பாக்கம் தாண்டி, எரும மாடு குறுக்க வந்துச்சாம். பிரேக்கு அடிச்சிருக்காரு. வண்டி மரத்துல லேசாத்தான் மோதிச்சு. பின்னாடி இருந்தவுங்களுக்கு ஒண்ணுமே ஆகல. இவரு சீட்டு மட்டும் பேந்து வந்துடுச்சு. முதுகெலும்பு போயிடுச்சு டீச்சர். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. படுக்கதான்."

"பாய் துருவப் பாத்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில ஒரு தடவ பாத்ததுதான். அப்புறம் சிதம்பரம் பக்கமே போகல. தங்கச்சி போன் பண்ணாக்கூட எங்கிட்ட குடுத்துடுவாங்க. அண்ணன் நம்மள மறந்துட்டாருன்னு அவ அழுவா. நான் என்னா சொல்லட்டும்?" நூலை விரலில் சுற்றிச் சுற்றி அறுத்தார். "நீங்க தெனம் அந்த ஊருக்குத்தான போறீங்க. ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போங்களேன்."

எனக்கு இந்த வேலை வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்தவர் வீட்டில் நாம் போய் எதைக் கிளறிவிடப்போகிறோம்? இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஆலப்பாக்கம் தாண்டும்போது என் கண் சாலையோர மரங்களை எண்ண ஆரம்பித்தது. இதில் எந்த மரம்? சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? வண்டி ஓட்டுவதே நிம்மதியில்லாமல் போயிற்று.

பொங்கல் விடுமுறை முடிந்த சனிக்கிழமை பொய் சொன்னேன். "வண்டி ஓடும்போது பின்னாடி என்னமோ சத்தம் கேக்குது பாய். கொஞ்ச தூரம் கூட வந்து கேளுங்க."

சத்தம் என்றதும் ஏறிவிட்டார். காதைக் கதவில் வைத்துக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். புதுச்சத்திரம் நெருங்கும்போது நிமிர்ந்தார்.

"சத்தம் எதுவும் இல்ல டீச்சர்."

நான் சாலையையே பார்த்தேன்.

"எங்க போறோம்? அவ சொன்னாளா?"

"ஆமா பாய்."

"நிறுத்துங்க. எறக்கி விடுங்க."

ஓரமாக நிறுத்தினேன். இறங்கினார். கடலூர்ப் பக்கம் பத்தடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு கதவாய்த் தட்டினார். மறுபடி நடந்தார். ஒரு பஸ் வந்தது, கை காட்டினார். அது நின்றதும் ஏறாமல் நின்றார். கண்டக்டர் திட்டிவிட்டுப் போனார். நான் இறங்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அவராகப் போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.

"போங்க."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் அந்த வீடு. முன் அறையிலேயே ஜன்னலோரமாகக் கட்டில். பாயின் மச்சான் தலையணையில் சாய்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். தோளும் கையும் பயில்வான் மாதிரி இருந்தன. போர்வைக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது போலத் தட்டையாக இருந்தது. இவரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தார்.

"வா மச்சான். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தார். "இந்தாம்மா, யாரு வந்திருக்காங்க பாரு!"

தங்கச்சி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் முதுகு லேசாக வளைந்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எனக்கு நாற்காலி போட்டாள். டீ போடத் திரும்பினாள்.

"டீ வேணாம். நில்லு" என்றார் பாய். அவர் உட்காரவில்லை. கட்டிலின் காலடியில் நின்றபடி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சீட்டைத் தூக்கியது, துருவைப் பார்த்தது, அதன் மேலேயே புது மேட்டு விரித்தது. "பாத்தேன் மச்சான். பாத்துட்டு மூடிட்டேன்."

போனிலிருந்து யாரோ கத்துகிற சத்தம் மட்டும் வந்தது. மச்சான் அதை அணைத்தார். போர்வையின் மடிப்பை இழுத்துவிட்டார்.

"அந்த சீட்டு ஆடும் மச்சான்" என்றார். "நீ கவர் போடறதுக்கு முன்னாடியே லேசா ஆடும். தெனம் உக்காந்தவன் நான், எனக்குத் தெரியாதா? நானும் பெருநா போவட்டும்னுதான் விட்டேன். நீ இதுக்கா நாலு வருஷமா வரல? நான் வேற, வேல வெட்டி இல்லாதவன்னு நீ என்ன விட்டுட்டியேன்னு நெனச்சேன்."

பாய் கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். எனக்கு ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது. அப்போதுதான் தங்கச்சியைப் பார்த்தேன். கையில் டீ வடிகட்டியோடு நின்றவள், அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். "எனக்குத்தான் தெரியல."

வடிகட்டியை ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"நாலு வருஷமா நான் ஒருத்தியாத் தூக்கறேன். திருப்பறேன், கழுவறேன், தொடைக்கறேன். என் இடுப்பு போயிடுச்சு. விதின்னு நெனச்சுத் தூக்கினேன். ரெண்டு ஆம்பளைங்க பாத்துப் பாத்து மூடி வச்சதயா நான் தூக்கிக்கிட்டு இருக்கேன்?"

"தங்கச்சி..." என்றார் பாய்.

"அப்படிக் கூப்பிடாத." அவள் குரல் உயரவில்லை. "மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கேக்காத. காலைல இவரத் தூக்கி உக்கார வச்சுக் குளிப்பாட்ட ஒரு ஆளு வேணும். வர முடியுமா? வந்தா பேசாம வரணும்."

"வரேன்."

"தெனமும்."

"தெனமும் வரேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். டீ வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து காலை ஏழு மணிக்கு அவர் என் வீட்டு வாசலில் நின்றார். என்னோடு சிதம்பரம் வருவார்; எனக்கு விடுமுறை என்றால் பஸ்ஸில் போவார். மச்சானைத் தூக்கிக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சாய்த்து உட்காரவைத்துவிட்டு, பஸ் ஏறிக் கடலூர் போய் பத்தரைக்கு மேல் கடை திறப்பார். வழியெல்லாம் அவர் நிம்மதியாக வந்தார் என்று சொல்ல ஆசைதான். இல்லை. கியர் மாற்றும் சத்தத்துக்கும் திடுக்கிடுவார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது, "மெதுவா, மெதுவா" என்பார். போகிற வழியில் மற்ற வண்டிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒரு வித்தியாசம் வந்தது. யாரிடமும் இப்போது சாவியைப் பிடுங்கவில்லை. துருவைக் காட்டுவார், சொல்ல வேண்டியதைச் சொல்வார், அவர்கள் முடிவு செய்யும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு கடையையே சிதம்பரத்துக்கு மாற்றிக்கொண்டார். எனக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. இந்தத் தையிலும் போன் செய்து, என் வண்டியின் அடிப்பக்கத்துக்கு எண்ணெய் அடித்தாயிற்றா என்று கேட்டார். நடுவில் ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

தங்கச்சி அந்த முதல் வருடம் முழுவதும் அவரோடு பேசவில்லை. "புடி", "தூக்கு", "போதும்" என்கிற மூன்று சொல்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். என்னிடம் பேசும்போதுகூட, "அவரு வந்துட்டாரா?" என்பாள்.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் அவருக்கு நல்ல காய்ச்சல். வர முடியவில்லை. அதைச் சொல்வதற்காக நான் தனியாக அந்தத் தெருவுக்குப் போனேன். அவள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கார் நின்றது. முன் சீட்டைப் பார்த்தாள். குனிந்து பின் சீட்டையும் பார்த்தாள். வாளி கையிலிருந்து சாய்ந்து, தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

"டீச்சர், எங்கண்ணன் எங்க?"

"காய்ச்சல்மா. வேற ஒண்ணுமில்ல. வீட்லதான் இருக்காரு."

"நெசமா? வண்டியில எதுவும்..."

"வண்டியில எதுவும் இல்லம்மா. காய்ச்சல்தான்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அன்றைக்கு இருவருமாகச் சேர்ந்து மச்சானைத் தூக்கி வைத்தார்கள். நான் கிளம்பும்போது வந்து கண்ணாடியைத் தட்டினாள். "சாயங்காலம் போறப்ப என்னையும் ஏத்திக்கறீங்களா? அந்தம்மா இவரப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

நாலரை மணிக்குத் தயாராக நின்றாள். பின் சீட்டில் ஏறி, கடலூர்வரை முன் சீட்டின் விளிம்பைப் பிடித்தபடியே வந்தாள். நான் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தியதும், எனக்கு முன்னால் இறங்கி உள்ளே போனாள்.

அவர் பாயில் படுத்திருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் பதறி, கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி தலைமாட்டில் அசையாமல் நின்றார். தங்கச்சி குனிந்து, புறங்கையை அண்ணன் நெற்றியில் வைத்தாள். எடுக்கவில்லை.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்மா. நாளைக்கு வந்துடறேன். காலைல சரியா..."

"படு" என்றாள். அவர் தோளை அழுத்திப் படுக்கவைத்தாள். "ரெண்டு நாள் கழிச்சு வா. ஒடம்புல தெம்பு இல்லாம வந்து, எங்க வூட்டுக்காரரக் கீழ போட்டுடாத."

அவர் படுத்தார். அவள் அங்கேயே, அவர் காலடியில், தரையில் உட்கார்ந்துகொண்டாள்.